மூடிய சரக்கு டிரெய்லரை ஏடிவி ஏற்றும் முகாம் வண்டியாக மாற்றுவது எப்படி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் நடுப்பகுதியில், ஃபிஷ்லேக் தேசிய வனத்தின் ஊடாகச் செல்லும் பையூட் ஏடிவி (கரடுமுரடான தடங்களில் ஓடும் நான்கு சக்கரச் சிறு வண்டி) தடத்தின் முதன்மைச் சுற்று மட்டுமே ஏறத்தாழ 275 மைல் நீளமுடையது. கிளைத் தடங்களையும் சேர்த்தால் ஒரு வாரம் தங்கினாலும் ஓட்டித் தீராது. இத்தகைய இடங்களுக்குச் செல்பவர் ஏடிவிகளை ஏற்றிச் செல்லவும் வேண்டும், இரவில் குளிருக்கும் மழைக்கும் ஒதுங்கிப் படுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படும் 'டாய் ஹாலர்' வண்டிகள் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் விலையும் எடையும் அதிகம், இழுப்பதற்கு அதற்கேற்ற பெரிய டிரக்கும் வேண்டும். அதனால்தான் நான்கு பக்கமும் மூடிய சாதாரணச் சரக்கு டிரெய்லரை வாங்கி, அதற்குள் படுக்கையும் அடுப்பும் மின்சாரமும் தாமே அமைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே பரவலாக இருக்கிறது. தச்சு வேலையும் சிறிதளவு மின் வேலையும் தெரிந்தவர் தம் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்து முடிக்கலாம்.

இந்த வேலையைப் பெரும்பாலோர் கட்டில், அலமாரி, விளக்கு ஆகியவற்றை வரைவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம் என்பதே என் உறுதியான கருத்து. மனிதர் படுக்கும் அறையும் பெட்ரோல் நிரம்பிய இயந்திரம் நிற்கும் அறையும் இங்கே ஒன்றே. ஆகவே எடை எங்கே விழுகிறது, பெட்ரோல் ஆவி எங்கே போகிறது, ஆபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர் எவ்வழியாக வெளியேறுகிறார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே மரப்பலகையைக் கையில் எடுக்க வேண்டும்.

டிரெய்லரைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் ஏற்றப்போகும் வண்டியை அளந்துகொள்ளுங்கள். ஒருவர் ஓட்டும் ஏடிவி பொதுவாக 7 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. எடை 600 முதல் 850 பவுண்டு வரை இருக்கும். அருகருகே அமர்ந்து செல்லும் சைடு-பை-சைடு வண்டிகள் வேறு வகை: அவற்றில் பல 60 அங்குலத்துக்கும் மேல் அகலமானவை, நான்கு இருக்கை கொண்டவை 1,500 பவுண்டைத் தாண்டிவிடும், நீளமும் 12 அடியை நெருங்கும். நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவை மட்டும் நம்பாமல், கைப்பிடி, முன்புற வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி), பின்புறச் சுமைதாங்கி ஆகியவற்றைப் பொருத்திய நிலையில் நீங்களே அளவு நாடாவைப் பிடித்து அளக்க வேண்டும்.

7 அடி அகல டிரெய்லரில் சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே இருப்பதால் உள்ளே தரை முழுவதும் தட்டையாக இருக்கும். சுவருக்குச் சுவர் 80 அங்குலத்தை ஒட்டிய இடம் கிடைக்கும். எட்டரை அடி அகல டிரெய்லர், அதாவது சாலையில் அனுமதிக்கப்படும் 102 அங்குல அகலம் கொண்டது, உள்ளே தாராளமாகத் தோன்றினாலும் அதன் சக்கர மேடுகள் இரு பக்கமும் தரைக்குள் புடைத்து நிற்கும். இரண்டு ஏடிவிகளை அருகருகே நிறுத்தலாம் என்று எண்ணி எட்டரை அடி வண்டியை வாங்குபவர்கள், அந்த மேடுகளுக்கு இடையே இரண்டும் அடங்குவதில்லை என்பதை வாங்கிய பிறகே அறிகிறார்கள். 7 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்ட டிரெய்லரில் இரண்டு ஏடிவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் 14 அடி போய்விடும். எஞ்சுவது 2 அடியும், முன்புறம் கூம்பு வடிவில் இருந்தால் அந்த முக்கோணப் பகுதியும்தான். ஆகவே படுக்கை உட்பட எல்லாமே மடிப்பனவாக இருக்க வேண்டும். இந்த நெருக்கடியை ஏற்றுக்கொள்ள முடியாதவர் 20 அடி வண்டிக்குப் போவதே நல்லது.

ஒற்றை அச்சு டிரெய்லர்கள் பெரும்பாலும் 2,990 பவுண்டு மொத்த எடை வரம்புடன் விற்கப்படுகின்றன. அதில் டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் இரண்டு ஏடிவிகளை ஏற்றியவுடனேயே கணக்கு முடிந்துவிடும், படுக்கைக்கும் தண்ணீருக்கும் இடமில்லை. 3,500 பவுண்டு தாங்கும் அச்சுகள் இரண்டு கொண்ட, மொத்த வரம்பு 7,000 பவுண்டு உள்ள வண்டியே இந்த வேலைக்குக் குறைந்தபட்சத் தேவை என்று கொள்ளுங்கள். இரண்டு அச்சுகளிலும் மின் பிரேக் இருக்க வேண்டும்.

இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் பகுதியில் இத்தகைய டிரெய்லர்களைச் செய்யும் தொழிற்சாலைகள் பல உள்ளன. புதிதாக வாங்குபவர் உள்ளுயரத்தைக் கூட்டியும், சுவர்ச் சட்டங்களுக்கு இடையிலான தூரத்தை 16 அங்குலமாகக் குறைத்தும் கேட்டுப் பெறலாம். சுவர்ச் சட்டம் மடித்த தகடாக இல்லாமல் சதுர இரும்புக் குழாயாக இருந்தால், பின்னால் கட்டிலையும் அலமாரியையும் தாங்க அது பெரிதும் உதவும். பின்புற ராம்ப் கதவின், அதாவது கீழே சாய்த்தால் ஏற்றுப் பலகையாகும் கதவின், திறப்பு உள்ளுயரத்தைவிடச் சில அங்குலம் குறைவாகவே இருக்கும் என்பதை மறவாதீர்கள். கூரை கொண்ட சைடு-பை-சைடு உள்ளே அடங்கினாலும் வாசலில் இடித்து நின்றுவிடும்.

பழைய வண்டியை வாங்குவதானால் ஒரு மழை நாளிலோ மழைக்கு மறுநாளோ போய்ப் பாருங்கள். கூரை ஓரங்களிலும் முன்கூம்பின் மூலைகளிலும் பிளைவுட்டில் கறை படிந்திருந்தால் நீர் ஒழுகுகிறது. ராம்ப் கதவின் கீலை ஒட்டிய தரைப்பலகை காலால் அழுத்தினால் அமுங்கக்கூடாது. வண்டிக்கு அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களின் துருவைப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். ஐந்தாறு ஆண்டுகள் கடந்த டயரை, பள்ளம் ஆழமாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

எடைக் கணக்கு

ஒரு தாளில் இப்படி எழுதிக்கொள்ளலாம். இரண்டு அச்சு கொண்ட 16 அடி டிரெய்லரின் காலி எடை 2,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏடிவிகள் 1,500. பிளைவுட், நுரைப்பலகை, கட்டில், பேட்டரி, சோலார் தகடு ஆகியவை சேர்ந்து 900. ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, ஆகவே 20 காலன் தொட்டி நிரம்பினால் 167. உணவு, உடை, கருவிகள், மாற்றுப் பெட்ரோல் ஆகியவற்றுக்கு 400. கூட்டினால் 5,567 பவுண்டு வருகிறது. 7,000 பவுண்டு வரம்புக்கு 1,400 பவுண்டுக்கு மேல் கீழே இருக்கிறோம். இந்த இடைவெளி வீணானதல்ல. டயர், அச்சு, பிரேக் ஆகியவை மலைச்சரிவில் எப்போதும் தம் எல்லையைத் தொட்டுக்கொண்டே இருக்கக்கூடாது.

மொத்த எடையைவிட நுட்பமானது அது எங்கே விழுகிறது என்பது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் இணைப்புக் கொக்கியின்மேல் அழுத்த வேண்டும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அது 557 முதல் 835 பவுண்டு வரை ஆகும். அதற்குக் கீழே போனால் டிரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் பக்கவாட்டில் அலையத் தொடங்கும்; அந்த அலைச்சல் வளர்ந்தால் டிரக்கையே திருப்பிவிடும். அதற்கு மேலே போனால் டிரக்கின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்கள் சாலையை இறுகப் பிடிக்காமல் போகும். மேலும் கொக்கியின்மேல் விழும் எடை, டிரக்கில் இருக்கும் மனிதர்களோடும் சாமான்களோடும் சேர்த்து, டிரக்கின் சுமை வரம்புக்குள் அடங்க வேண்டும். அந்த வரம்பு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். டிரக் எவ்வளவு இழுக்கும் என்று விளம்பரத்தில் சொல்லப்படும் எண்ணை மட்டும் பார்த்து, இந்தச் சிறிய ஒட்டியைப் படிக்காமல் விடுபவர்கள் பலர்.

இதிலிருந்து உள்ளமைப்பைப் பற்றிய சில முடிவுகள் தாமாகவே பிறக்கின்றன. கனமான ஏடிவி முன்னால் நிற்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி அச்சுகளுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ இருந்தால், நிரம்பியபோதும் காலியானபோதும் கொக்கி எடை பெரிதாக மாறாது. அதையே வண்டியின் கடைசியில் வைத்தால் ஒவ்வொரு காலனும் கொக்கியைத் தூக்கும். சமையல் மேடையும் பேட்டரியும் முன்கூம்பில் இருப்பது இயல்பாகவே பொருந்தும். ஆனால் முன்கூம்பில் எல்லாவற்றையும் குவித்துவிட்டு, கனமான ஏடிவியையும் அதை ஒட்டியே நிறுத்தினால் 15 சதவீதத்தைத் தாண்டிவிடுவதும் எளிது. ஆகவே மரவேலை தொடங்கும் முன்பே ஏடிவிகளை ஏற்றி, முன்னும் பின்னும் நகர்த்தி, கொக்கி எடையை அளந்து, சரியான இடம் அமைந்தவுடன் சக்கரங்கள் நிற்கும் இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள். மற்ற எல்லா அளவுகளும் அந்தக் குறியிலிருந்தே தொடங்கும்.

தரையும் கட்டும் வளையங்களும்

சரக்கு டிரெய்லரின் தரை வழக்கமாக முக்கால் அங்குல பிளைவுட். ஏடிவியின் எடையை அது தாங்கும்; ஆனால் ஏடிவியைக் கட்டிப் பிடிக்கும் வளையத்தை வெறும் பிளைவுட்டில் திருகாணியால் பொருத்துவது எக்காரணம் கொண்டும் கூடாது. திடீரென்று பிரேக் அடிக்கும்போது 750 பவுண்டு இயந்திரம் முன்னால் பாயும் விசையில் திருகாணிகள் பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். டி வளையங்களைத் தரைக்கு அடியிலுள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தோடு போல்ட்டால் இணைக்க வேண்டும். சட்டம் இல்லாத இடமானால் அடியில் கனமான இரும்புத் தகடு வைத்துப் போல்ட்டை முடுக்க வேண்டும். வளையத்தின் மேல் 5,000 பவுண்டு என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் அறுந்துபோகும் விசை. பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. ஏடிவியை இறுக்கிக் கட்டும் ராட்செட் பட்டைகளுக்கும் இதே கணக்குத்தான்.

ஒவ்வொரு ஏடிவிக்கும் நான்கு வளையங்கள், நான்கு பட்டைகள். முன்பக்கப் பட்டைகள் முன்னோக்கியும் பின்பக்கப் பட்டைகள் பின்னோக்கியும் சாய்வாக இழுக்க வேண்டும். கைப்பிடியில் கட்டாமல் சட்டத்திலோ சக்கரத்தைத் தாங்கும் கையிலோ கட்டுங்கள். நீளவாக்கில் ஈ-டிராக் எனப்படும் துளையிட்ட இரும்புப் பட்டையைத் தரையில் பதித்தால், வேறு அளவுள்ள வண்டியை ஏற்றும் நாளில் கட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். இதே பட்டையைச் சுவர்ச் சட்டங்களில் இடுப்பு உயரத்தில் போல்ட் செய்தால், பகலில் சாமான்களைக் கட்டவும் இரவில் கட்டிலைத் தாங்கவும் அதுவே பயன்படும்.

பிளைவுட்டின் மேல் பெட்ரோலும் எண்ணெயும் சிந்தும் என்பதால் அதைத் தாங்கும் பூச்சு தேவை. இருபகுதி எப்பாக்ஸி பூச்சும் டிரக் தளத்துக்கான பாலியூரித்தேன் பூச்சும் நன்றாக உழைக்கின்றன. ரப்பர் விரிப்பு வேண்டுமானால் எடுத்து வெளியே கழுவக்கூடிய துண்டுகளாகப் போடுங்கள். கம்பளம் வேண்டாம், பெட்ரோல் மணம் ஒருமுறை அதில் ஏறினால் போகாது.

ராம்ப் கதவுக்கும் ஒரு சுமை வரம்பு உண்டு; விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஏற்றும்போது டிரெய்லர் டிரக்கோடு இணைந்திருக்க வேண்டும், அல்லது பின்மூலைகள் இரண்டிலும் தாங்கு கால்களை இறக்கி ஊன்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏடிவி ராம்ப்பில் ஏறும் கணத்தில் டிரெய்லரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் மேலே எழும்பிவிடும். முகாமில் டிரக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மாலையில் ஏடிவியை உள்ளே ஏற்ற முயலும்போதுதான் இந்த ஆபத்து நேரும்.

பெட்ரோல், நெருப்பு, வெளியேறும் வழி

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவி, தாழ்ந்த மூலைகளில் தேங்கி நிற்கும். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகும். மூடிய டிரெய்லருக்குள் வெயிலில் நிற்கும் ஏடிவியின் தொட்டியிலிருந்து ஆவி தொடர்ந்து கசியும். ஆகவே பக்கச் சுவர்களின் அடியில், தரையை ஒட்டி, எதிரெதிராக இரண்டு காற்றுத்துளைகளும், மேலே கூரையில் ஒரு விசிறித் துளையும் வேண்டும். அடித்துளைகளை மூடும் கதவு வைக்காதீர்கள். குளிருக்கு அஞ்சி ஒரு நாள் மூடுவீர்கள், பிறகு திறக்க மறந்துவிடுவீர்கள்.

இயந்திரங்கள் உள்ளே நிற்கும்போது யாரும் உள்ளே தூங்கக்கூடாது. முகாமை அடைந்ததும் முதல் வேலை ஏடிவிகளை வெளியே இறக்கி, பெட்ரோல் கேன்களையும் வெளியே நிழலில் வைத்து, ராம்ப் கதவையும் பக்கக் கதவையும் நன்றாகத் திறந்து காற்றோட விடுவது. அதன் பிறகே கட்டிலை விரிக்க வேண்டும், அடுப்பையோ ஹீட்டரையோ பற்றவைக்க வேண்டும். ஏடிவி திருட்டுப் போகுமே என்று கவலைப்படுபவர், அவற்றை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தோடு கனமான சங்கிலியால் பிணைத்துப் பூட்டட்டும். கார்புரேட்டர் உள்ள பழைய ஏடிவியானால் ஏற்றும் முன்பே பெட்ரோல் குழாயின் திருகைச் சாத்திவிட வேண்டும். கேன்களைப் பயணத்தின்போதும் டிரெய்லருக்குள் வைக்காமல், முன்னால் வெளியே ஒரு தாங்கியில் கட்டிக்கொண்டு போவதே முறை.

எச்சரிக்கைக் கருவிகள் மூன்று தேவை: புகைக்கு ஒன்று கூரையில், கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று தலையணை உயரத்தில், புரொப்பேன் எரிவாயு வைத்திருந்தால் அதற்கு ஒன்று தரையை ஒட்டி, ஏனெனில் புரொப்பேனும் காற்றைவிடக் கனமானது. தீயணைப்பான் பக்கக் கதவின் அருகே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கட்டிலுக்கு அப்பால் அடுப்பின் பின்னால் இருந்தால் பயனில்லை. ஜெனரேட்டரை எந்த நிலையிலும் உள்ளே இயக்காதீர்கள், கதவை ஒட்டி வெளியேயும் வைக்காதீர்கள். புகை வீசும் திசையைப் பார்த்துத் தொலைவில் வையுங்கள்.

இனி, வெளியேறும் வழி. சரக்கு டிரெய்லர் மனிதர் உள்ளே இருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் ராம்ப் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் இரும்புத் தாழ்களால் பூட்டப்படுகிறது. பக்கக் கதவிலும் பல வண்டிகளில் வெளித்தாழ் மட்டுமே இருக்கும். உள்ளே ஒருவர் தூங்கும்போது வெளியே ஒருவர் அறியாமல் அந்தத் தாழைத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பவர் சிறைப்பட்டுவிடுவார். எனவே முகாம் வண்டிகளுக்கென்று விற்கப்படும், உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியுள்ள பூட்டைப் பக்கக் கதவில் பொருத்துங்கள். வெளித்தாழைக் கழற்ற மனமில்லையென்றால், தங்கியிருக்கும் நாட்களில் அது அசையாதபடி திறந்த நிலையில் ஒரு பூட்டைப் போட்டு நிறுத்துங்கள். பக்கக் கதவு பெரும்பாலும் அடுப்புக்கு அருகில், முன்புறம் இருக்கும். தீ அங்கே பிடித்தால் அவ்வழி அடைபடும். ஆகவே கட்டிலை ஒட்டி, வளர்ந்த ஒருவரின் தோள்கள் தடையின்றி நுழையக்கூடிய அகலத்தில், முழுவதும் வெளிப்பக்கம் திறக்கும் அவசர வெளியேற்றச் சன்னல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பணம் போதவில்லை என்றால் சோலாரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுங்கள், இந்தச் சன்னலைத் தள்ளிப்போடாதீர்கள்.

குளிருக்கும் ஈரத்துக்கும் தடுப்பு

அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் குளிரை நேராக உள்ளே கடத்தும். பையூட் தடம் 10,000 அடிக்கும் மேலே ஏறுகிறது. அந்த உயரத்தில் கோடை இரவுகளிலும் தண்ணீர் உறையக்கூடும். சுவர்ச் சட்டங்களுக்கு இடையே ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ கனமுள்ள நுரைப்பலகையை அளவாக வெட்டிப் பொருத்தி, இடைவெளிகளை விரியும் நுரையால் அடையுங்கள். கட்டடங்களில் பயன்படுத்தும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற பாலிஸ்டைரீன் பலகை ஈரத்தை உறிஞ்சுவதில்லை, ஆகவே இதற்கு ஏற்றது. கண்ணாடிப் பஞ்சு இங்கே வேண்டாம். அது ஈரத்தைக் குடித்து, வண்டியின் அதிர்வில் அடியில் சரிந்துவிடும். நுரைப்பலகை எதுவானாலும் தீப்பற்றக்கூடியது, ஆகவே அதை வெளித்தெரிய விடாமல் பிளைவுட்டால் மூட வேண்டும்.

இரும்புச் சட்டங்களின் முகத்தில் மெல்லிய நுரைப் பட்டை ஒட்டி, அதன்மேல் உட்சுவர் பிளைவுட்டை அடித்தால், விடியற்காலையில் சட்டத்தின் வழியே கோடு கோடாக நீர் வழிவது பெருமளவு குறையும். முழுவதும் நின்றுவிடாது. இரண்டு பேர் மூச்சு விடும் ஈரம் ஒரு சிறிய பெட்டிக்குள் எங்கேனும் படியத்தான் செய்யும். அதற்கு மருந்து காற்றோட்டம். 14 அங்குலச் சதுரத் துளையில் பொருந்தும் கூரை விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் இரவு முழுவதும் ஓட விடுங்கள். அடித்துளைகளிலிருந்து உள்ளே வரும் உலர்ந்த காற்று ஈரத்தை மேலே தள்ளிக்கொண்டு போகும்.

கூரையிலும் சுவரிலும் துளை வெட்டும் முன் உட்பலகையைக் கழற்றிச் சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிடுங்கள். இரண்டு சட்டங்களுக்கு இடையே அடங்கும் சன்னலை வாங்கினால் இரும்பை வெட்ட நேராது. விளிம்பில் நீர் புகாமல் அடைக்கும் ப்யூட்டைல் நாடா ஒட்டி, திருகுகளை ஒரே சீராக முடுக்கி, கூரையிலானால் அதன்மேல் தானாகப் பரவி மட்டமாகும் சீலன்ட்டை (அடைப்புப் பசையை) ஊற்றுங்கள். சாதாரண சிலிகான் வேண்டாம். பிறகு பழுது பார்க்க நேரும்போது அதன்மேல் எதுவும் ஒட்டாது. கூரைச் சீலன்ட்டை ஒவ்வோர் ஆண்டும் ஏறிப் பார்க்க வேண்டும்.

படுக்கையும் சமையலும்

80 அங்குல உள்ளகலம் ஒரு நல்வாய்ப்பு. அமெரிக்கக் குயின் மெத்தை 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உடையது என்பதால், அதைக் குறுக்காகப் போட்டால் வண்டியின் நீளத்தில் 5 அடியே செலவாகும். சுவர்களை உட்பக்கம் கூடுதலாகத் தடிப்பாக்கியவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். நுரைப்பலகை சட்டத்தின் கனத்துக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எளிய கட்டில் முறை இது: இரு பக்கச் சுவர்களிலும் உள்ள ஈ-டிராக் பட்டையில் தாங்கிகளை மாட்டி, அவற்றின்மேல் குறுக்கே 2 அங்குலச் சதுர அலுமினியக் குழாய்களை வைத்து, மேலே மூன்று துண்டாக வெட்டிய அரை அங்குல பிளைவுட்டைப் பரப்பி, அதேபோல மூன்று துண்டான நுரை மெத்தையைப் போடுவது. பயணத்தின்போது பலகைகள் சுவரோடு நிமிர்ந்து பட்டையால் கட்டப்பட்டிருக்கும், நடுவில் ஏடிவிகள் நிற்கும். சுவரில் கீல் வைத்து மடக்கும் கட்டிலும் நல்லதே. ஆனால் மடித்த நிலையில் அது ஏடிவியின் கைப்பிடியில் உரசுமா என்பதை அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தறிந்த பிறகே செய்யுங்கள். மின்மோட்டாரால் கூரைவரை ஏறி இறங்கும் கட்டில்களும் விற்பனைக்கு உண்டு. வசதியானவைதாம், ஆனால் கனமும் விலையும் இந்த அளவு வண்டிக்கு அதிகம் என்று கருதுகிறேன்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. முன்கூம்பில் ஒரு மேடை, அதன்மேல் கையடக்க அடுப்பு, கதவருகே மடக்கு மேசை ஆகியவை போதும். மழையானால் மட்டும் விசிறியை ஓட்டி, கதவைத் திறந்து வைத்து உள்ளே சமைக்கலாம். நம் சமையலில் தாளிப்பின் எண்ணெய்ப் புகை மெத்தையிலும் பிளைவுட்டிலும் ஏறினால் அடுத்த பயணம்வரை நிற்கும். தண்ணீருக்கு 6 அல்லது 7 காலன் கேன்கள் மூன்றே போதுமானவை. குழாய், பம்ப், தொட்டி எல்லாம் பனிக்காலத்தில் வடித்து வைக்க வேண்டிய கூடுதல் தொல்லைகள். வனத்தில் ஓரிரவு தங்குவதற்குக் கையடக்கக் கழிப்பறை ஒன்று வேண்டும்.

மின்சாரமும் வெப்பமும்

விளக்கு, விசிறி, சிறிய குளிர்பெட்டி, கைப்பேசி ஆகியவற்றுக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றும், கூரையில் 200 வாட் சோலார் தகடும் பெரும்பாலான பயணங்களுக்குப் போதும். அந்தப் பேட்டரி ஏறத்தாழ 1,280 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். அதன் ஒரே முக்கியக் குறை, உறைநிலைக்குக் கீழே அதில் மின்னேற்றம் செய்தால் கெட்டுப்போவது. ஆகவே பேட்டரியை வெளியே முன்சட்டத்தில் வைக்காமல் உள்ளே வைத்து, குளிரில் மின்னேற்றத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே முதன்மை ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளைக் கம்பிக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். கம்பி இரும்புச் சட்டத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களிலெல்லாம் ரப்பர் வளையம் வேண்டும், ஏனெனில் வண்டி குலுங்கும்போது இரும்பின் விளிம்பு கம்பியின் உறையை அறுக்கும். சுவிட்சு, இன்வெர்ட்டர், சார்ஜர் ஆகிய பொறி எழுப்பக்கூடிய எதையும் தரையை ஒட்டி வைக்காதீர்கள். இடுப்புக்கு மேலே வையுங்கள். பெட்ரோல் ஆவி எங்கே தேங்கும் என்று முன்னர் கண்டதே இதற்குக் காரணம். டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றால் பிரேக்கைப் பிடிக்கும் அவசரக் கருவிக்கு அதன் சொந்தச் சிறு பேட்டரி உண்டு. அதை எடுத்துவிட்டு விளக்கு, விசிறிக்கான பெரிய பேட்டரியோடு சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

வெப்பத்துக்கு, எரியும் காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் நல்லது. உள்ளிருக்கும் காற்றை எரித்து அங்கேயே விடும் திறந்த புரொப்பேன் ஹீட்டர் ஈரத்தையும் கூட்டும், ஆபத்தும் உடையது. டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் தரைக்கு அடியில் வெளியேறி, பக்கக் கதவிலிருந்தும் அடித்துளைகளிலிருந்தும் விலகிய இடத்தில் முடிய வேண்டும். உயரமான மலைகளில் காற்று மெல்லியதாக இருப்பதால் அது கரி பிடிக்கும். உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் அமைப்புள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

சாலைக்குக் கொண்டுவரும் முன்

டிரெய்லரின் பதிவிலும் காப்பீட்டிலும் அது சரக்கு வண்டி என்றே இருக்கும். உள்ளே தங்கும் வசதி செய்திருப்பதை எழுத்துமூலம் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, எது எதற்குப் பாதுகாப்பு உண்டு என்பதையும் எழுத்திலேயே பெறுங்கள். பதிவு வகையை மாற்ற வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கூட்டரசின் நிலங்களில் அமைக்கப்பட்ட முகாம்களுக்கு வெளியே தங்குவது பெரும்பாலும் 14 நாட்களுக்கு மேல் அனுமதிக்கப்படுவதில்லை. வனத் தடங்கள் பலவற்றில் 50 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள வண்டிகளுக்கு இடமில்லை. ஏடிவியின் புகைக்குழாயில் பொறித்தடுப்பான் கட்டாயம். ஓடும் டிரெய்லருக்குள் யாரும் பயணிக்கவே கூடாது.

எல்லாம் முடிந்ததும் தண்ணீர், உணவு, ஏடிவிகள் அனைத்தையும் ஏற்றி, நெடுஞ்சாலை ஓர டிரக் நிறுத்தங்களில் உள்ள எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். டிரக்கின் அச்சுகளையும் டிரெய்லரின் அச்சுகளையும் தனித்தனி மேடைகளில் நிறுத்தினால் ஒவ்வொன்றின் எடையும் அச்சிட்ட சீட்டில் வந்துவிடும். டிரக்கை மட்டும் தனியாக ஒருமுறை எடையிட்டு ஒப்பிட்டால் கொக்கி எடையும் தெரியும். சிறப்பு டிரெய்லர் டயர்களில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கே தரம் பெற்றவை, அதைத் தாண்டாதீர்கள். டயரின் காற்றைக் குளிர்ந்த நிலையில், டயரின்மேல் எழுதியுள்ள முழு அழுத்தத்துக்கு நிரப்புங்கள். சக்கர நட்டுகளை முறுக்கு விசை காட்டும் சாவியால் முடுக்கி, புறப்பட்ட 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மீண்டும் முடுக்குங்கள். அதே நிறுத்தங்களில் உள்ளே ஏறி ஏடிவிப் பட்டைகளையும் இழுத்துப் பாருங்கள்.